சீட்டில் அடங்கிய முன்னூறு லைன்கள்

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள். பெயர் சொன்னாள், எனக்குத்தான் மனதில் நிற்கவில்லை.

"மேடம், நாங்க பழைய சிஸ்டம் ஒண்ணை மாத்தி எழுதிட்டிருக்கோம். அதோட டாக்குமெண்ட்ல உங்க இனிஷியல் இருக்கு. லைன் சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி நாப்பத்தாறு செகண்ட் காத்திருக்கணும்னு போட்டிருக்கீங்க. காரணம்ங்கற கட்டம் மட்டும் காலியா இருக்கு."

"கணக்குப் பண்ணித்தான் போட்டது" என்றேன்.

"யாராவது குத்துமதிப்பா போட்டிருப்பாங்கன்னு இங்க சொல்றாங்க மேடம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குத்துமதிப்பாகப் போடுகிறவன் ஐம்பது என்று போடுவான், நாற்பத்தைந்து என்று போடுவான். நாற்பத்தாறு என்று எந்த மடையன் குத்துமதிப்பாகப் போடுவான்? அதை அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் சிரித்தாள். "அப்ப காரணத்தைச் சொல்லுங்க மேடம், கட்டத்துல போட்டுடறேன்" என்றாள். போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது? எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு இரண்டு வருடம். பிறகு ஹொசூர் ரோட்டில் இருந்த கம்பெனியில் ட்ரேசிங் பிரிவில் வேலை. மெஷின் படங்களை மைப் பேனாவால் பிரதி எடுப்பது, அளவுகளை எழுதுவது. என் எழுத்துக்குப் பெயர் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில், அச்சுப் போட்டது போல எழுதுவேன். மற்றவர்கள் இடமில்லை என்று கைவிடும் மூலைகளை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கம்ப்யூட்டரில் படம் வரைவது வந்ததும் பிரிவை மூடினார்கள். தொண்ணூற்றொன்றில் என்னை நெட்வொர்க் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். பதிவேடு எழுத ஒரு ஆள் வேண்டுமாம். அந்தப் பிரிவில் இருந்த எல்லாரும் எஞ்சினியர்கள், நான் ஒருத்திதான் ஐ.டி.ஐ.

பிரிவுத் தலைவர் ஸ்ரீகண்டையா சார். தும்கூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்துவிடும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் ஆயுதமே ஒரு சொல்தான்: "எஷ்டு?" எவ்வளவு என்று அர்த்தம். "சார், இது முன்னைவிட வேகமா ஓடுது" என்று யாராவது உற்சாகமாக வந்து நின்றால், பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து, "எஷ்டு?" என்பார். எண் சொல்லத் தெரியாதவர் அப்படியே திரும்பிப் போக வேண்டும். திட்டே இல்லாத திட்டு அது. வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் பிரிவில், தூரத்தூர இடங்களில் வைத்துக் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு வழிமுறை எழுதுவார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்துப் பெட்டிகளை மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் பார்க்கிற தலைமைப் பெட்டி என்று ஒன்று கிடையாது. பக்கத்தவனிடம் கேட்டு, அவன் அவன் பக்கத்தவனிடம் கேட்டு, கடைசியில் எல்லாப் பெட்டிகளும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். இதற்கு ஒரு புரோகிராம் எழுதும் முன் சார் ஒரு ஆட்டம் வைப்பார். சீட்டு ஆட்டம் என்று நாங்கள் சொல்வோம்.

பெட்டிக்கு ஒருவராக நாற்காலியில் உட்கார வேண்டும். யார் யாருக்கு அடுத்தவர் என்பது தரையில் சாக்பீஸ் கோடாக இருக்கும். பேசக் கூடாது, பக்கத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. மேஜையில் பித்தளை மணி. சார் அதைத் தட்டினால், ஒவ்வொருவரும் கோடு இணைக்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். வந்த சீட்டைப் படித்துவிட்டு அடுத்த மணிக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு மணிக்கு ஒரு சுற்று. பதில் வந்ததும் "முடிந்தது" என்று கை தூக்க வேண்டும். எத்தனை சுற்று ஆயிற்று என்று நான் பதிவேட்டில் எழுதுவேன். கம்பியில் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் போகும் என்பதற்காக, சீட்டை பி.டி.எஸ். பஸ் டிக்கெட் அளவுக்குத்தான் வெட்டி வைப்பார்கள். சாதாரணக் கையெழுத்தில் எழுதினால் அதில் ஒரு தடவை அனுப்புகிற செய்தி சரியாக அடங்கும். சாருடைய யோசனை அது, நல்ல யோசனைதான். பிரிவில் எல்லாருக்கும் எஞ்சினியர் கிறுக்கல் எழுத்து. அதனால் பல வருடம் பிசகில்லாமல் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெரிய வேலை வந்தது. பெங்களூருக்குத் தெற்கே தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் பங்கிடும் ஓர் அமைப்பு. பெயர் வேண்டாம். அவர்களுக்கு மேற்கே சில துணைமின் நிலையங்கள், கிழக்கே சில. நடுவில் முன்னூறு லைன்கள். எந்த லைனுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் விடலாம். அதுதான் வசதி, அதுதான் ஆபத்தும். மேற்கு நிலையம் ஒரு லைனை அணைத்து, "லைன் கிளியர்" என்று எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகுதான் லைன்மேன் கம்பத்தில் ஏறுவார். அவர் மேலே இருக்கும்போது கிழக்கே இருப்பவர் அதே லைனைச் சார்ஜ் செய்தால், அதாவது மின்சாரம் விட்டால், முடிந்தது கதை.

ஒரு லைனைப் பற்றி மட்டும் கேட்பதென்றால் ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான். சிக்கல், மின்சாரம் மொத்தமாகப் போய்த் திரும்பும்போதுதான். நிலையங்களில் வைக்கிற பெட்டிகளும் சேர்ந்து அணைந்து எழும், பழைய ஞாபகம் எதுவும் இருக்காது. மேற்கே ஒரு பட்டியல்: எந்தெந்த லைன்களில் ஆள் இருக்கிறார். கிழக்கே ஒரு பட்டியல்: எந்தெந்த லைன்களைச் சார்ஜ் செய்யப் போகிறோம். இரண்டு பட்டியலிலும் ஒரே லைன் இருக்கிறதா? பெட்டிகள் தங்களுக்குள்ளேயே பேசி இதற்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். மேற்கையும் கிழக்கையும் இணைத்தது ஆனேக்கல்லிலிருந்து அத்திப்பள்ளிக்குப் போன ஒரே ஒரு பழைய கம்பி. மற்ற இடமெல்லாம் புதுக் கம்பிதான், நடுவில் கழுத்து மட்டும் ஒல்லி.

இதற்கு ஆட்டம் வைத்தோம். ஏழு நாற்காலி. ஆனேக்கல் நாற்காலியில் உட்கார வேண்டியவருக்கு அன்று காய்ச்சல். "மரகதம், நீங்க உட்காருங்க" என்றார் சார். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எஞ்சினியர்கள் நடுவில் எனக்கும் ஒரு நாற்காலி. பெருமையாகத்தான் இருந்தது, எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

இரண்டாவது சுற்றில் மேற்கிலிருந்த பட்டியல்களெல்லாம் என் கையில் வந்து சேர்ந்தன. மூன்றாவது மணி அடித்தது. ஒரே சீட்டு. நான் மைப் பேனாவை எடுத்தேன். வரிசைக்கு இருபதாகப் பதினைந்து வரிசை. ஆள் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. முன்னூறு லைனும் பஸ் டிக்கெட்டில் அடங்கிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம்கூட இருந்தது. அத்திப்பள்ளி நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "என்னம்மா இது, அரிசியில எழுதறவங்க மாதிரி!" என்றார். பேசக் கூடாது என்ற சட்டத்தை மறந்து எல்லாரும் சிரித்தார்கள். ஐந்தாவது சுற்றில் பதில் வந்துவிட்டது.

"எஷ்டு?" என்றார் சார்.

"அஞ்சு சுற்று சார்."

தலையாட்டினார். பழைய கம்பியில் ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி, ஆக மொத்தம் பத்து வினாடி. விற்பனைப் பிரிவுக்காரர்கள் அந்தப் பத்தை அப்படியே ஒப்பந்தத்தில் ஏற்றிவிட்டார்கள். பதிவேட்டில் ஐந்து என்று எழுதியதும், சீட்டுகளைக் கவரில் போட்டு ஒட்டியதும் நான்தான்.

புரோகிராம் எழுத வந்தவன் கதிரேசன். கிருஷ்ணகிரியில் ஒரு பாலிடெக்னிக்கில் இருந்த நிரந்தர வேலையை, வீட்டில் எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் விட்டுவிட்டு வந்தவன். தொம்மலூரில் மூன்று பேரோடு ஒரு ரூமில் இருந்தான். ஆறு மாதம் சோதனைக் காலம். சார் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் வேலை உறுதி செய்வார்கள். உறுதியாகாவிட்டால் திரும்பிப் போகக் கிருஷ்ணகிரியில் அந்த நாற்காலி காலியாக இல்லை. இதை அவனே என்னிடம் கேன்டீனில் சொன்னான். என்னை அக்கா என்று கூப்பிடுவான்.

அவன் எழுதியது சரியாக ஓடியது, ஆனால் நாற்பத்தாறு வினாடி எடுத்தது. ஒரு மாதம் தேய்த்தான். நாற்பத்தாறு. முழுதாகக் கலைத்துப்போட்டு வேறு மாதிரி எழுதினான். அப்போதும் நாற்பத்தாறு. விற்பனைப் பிரிவிலிருந்து தினமும் ஒருவர் வந்து நிற்பார். "அஞ்சு சுற்றுல முடியும்னு உங்க ஆளுங்களே உட்கார்ந்து காமிச்சிருக்காங்க. இவனுக்கு எழுதத் தெரியல" என்று அவன் காதில் விழும்படியே சொல்வார். கதிரும் பதிவேட்டை வாங்கிப் பார்த்தான். ஐந்து என்று அழகான எழுத்தில் இருந்தது. தன்மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டான்.

நானும் விட்டேனா? "ஏம்ப்பா, மனுஷங்க கையால எழுதி அஞ்சு சுற்றுல முடிச்சோம். உன் மெஷினுக்கு என்ன கேடு?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சோதனைக் காலம் முடிய பத்து நாள் இருக்கும்போது ஓடி வந்தான். "அக்கா, வந்துடுச்சு! பத்து செகண்ட்!"

விஷயம் இதுதான். முழுப் பட்டியலை அனுப்பாமல், பட்டியலில் உள்ள லைன் எண்களைக் கூட்டிப் பெருக்கி ஒரு சுருக்க எண் செய்தான். அது ஒரே செய்தியில் கழுத்தைத் தாண்டிவிடும். கிழக்குப் பெட்டியில் ஓர் அட்டவணை. இந்தச் சுருக்க எண் வந்தால் இந்தப் பட்டியல் என்று அதில் இருக்கும். நிலையங்களின் பழைய ரிஜிஸ்டர்களில் இருந்த எல்லாப் பட்டியல்களையும் கொடுத்துப் பார்த்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. விற்பனைப் பிரிவுக்காரர் அவன் முதுகில் தட்டினார். இனிப்புகூட வந்தது. சார் மட்டும் பாராட்டாமல், "மரகதம், பழைய ஆட்டப் பதிவையும் இதையும் சேர்த்து ஃபைல் பண்ணிடுங்க" என்றார்.

ஃபைல் செய்வதற்காகக் கவரைப் பிரித்தேன். ஏழு பேர் சீட்டுகளும் மேஜையில் விழுந்தன. மற்றவர்கள் சீட்டில் பத்து, பன்னிரண்டு, மிஞ்சிப்போனால் பதினாறு எண்கள். என் சீட்டை எடுத்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. கழுத்துக் கம்பியில் ஒரு சுற்றுக்குப் பதினாறு லைன் விவரம்தான் போகும். நான் ஒரே சீட்டில் முன்னூறு அனுப்பியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தான். நாங்கள் எண்ணியது எத்தனை சீட்டு என்று. சீட்டுக்குள் எவ்வளவு என்று ஒருவரும் எண்ணவில்லை.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். முன்னூறைப் பதினாறு பதினாறாக அனுப்பினால் பத்தொன்பது சீட்டு. நான் ஒன்றில் முடித்ததற்குப் பத்தொன்பது, ஆகவே பதினெட்டுச் சுற்று கூடுதல். ஐந்தும் பதினெட்டும் இருபத்து மூன்று. சுற்றுக்கு இரண்டு வினாடி, நாற்பத்தாறு. அவன் முதல் நாளே சரியாகத்தான் எழுதியிருந்தான். அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

அதோடு போயிருந்தால் சார் முன்னால் போய் நின்று ஒப்புக்கொண்டு தொலைத்திருப்பேன். ஆனால் இன்னொன்று உறுத்தியது. நாற்பத்தாறு சரியென்றால், பத்து எப்படிச் சரியாகும்? ஒன்றும் சுழியுமாகப் பதினாறு அடையாளத்தில் அறுபத்தையாயிரத்துச் சொச்சம் விதமாகத்தான் எழுத முடியும். முன்னூறு லைனில் எந்தெந்த லைனில் ஆள் என்கிற பட்டியல்கள் அதைவிடக் கோடிகோடியாக உண்டு. அப்படியானால் இரண்டு வேறு வேறு பட்டியல்கள் ஒரே சுருக்க எண்ணாக வந்தே தீர வேண்டும். அந்த இரண்டும் ஏதாவது ஒரு லைனிலாவது வேறுபடும். ஒன்றில் அந்த லைனில் ஆள் உண்டு, மற்றதில் இல்லை. கிழக்கே இருப்பவருக்கு இரண்டுக்கும் ஒரே சீட்டுதான் வருகிறது. ஒரே சீட்டுக்கு ஒரே பதில்தான் சொல்வார். இரண்டில் ஒன்றுக்கு அது தப்பு.

கதிரைக் கூப்பிட்டேன். சீட்டைக் காட்டினேன். கணக்கைச் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது.

"மூணு மாசமா என்னை எல்லாரும் மிதிச்சப்ப எங்கக்கா போச்சு இந்தச் சீட்டு?"

"கவருக்குள்ள இருந்துச்சு. நான்தான் ஒட்டினேன்."

"இப்பதான் ஓடுது. இன்னும் பத்து நாள்ல ரிப்போர்ட் எழுதறாரு. இப்ப வந்து ஒடைக்கிறீங்க."

"நான் ஒடைக்கலடா. அது ஏற்கெனவே ஒடைஞ்சிருக்கு. எங்கன்னு தேடணும்."

"சான்ஸ் ரொம்ப ரொம்பக் கம்மிக்கா. ரிஜிஸ்டர் பூரா கொடுத்துப் பார்த்தேன், ஒண்ணும் தப்பல."

"ரிஜிஸ்டர்ல இருக்கறது நடந்து முடிஞ்சது. நாளைக்கு வர்ற பட்டியல் அதுல இருக்குமா?"

"உங்களுக்கென்ன, நீங்க பர்மனெண்ட்!" என்று கத்தினான். பக்கத்து மேஜைகளில் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் ஆத்திரம். "ஆமாண்டா, நான் பர்மனெண்ட். கம்பத்துல இருக்கறவன் பர்மனெண்டா?" என்று நானும் கத்தினேன். பிறகு அவனே எழுந்துபோய் மெஷின் முன்னால் உட்கார்ந்தான். ஒரு லைன், இரண்டு லைன், மூன்று லைன் கொண்ட பட்டியல்களை ஒவ்வொன்றாகச் சுருக்கி, அட்டவணையில் இருக்கும் எண் எதனோடாவது இடிக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதினான். சாப்பாட்டு நேரத்துக்கு ஓட விட்டோம். நாலு மணி டீ வருவதற்கு முன் திரையில் ஒரு வரி வந்தது.

47, 112, 203. இந்த மூன்று லைனிலும் ஆள் இருந்தால் வருகிற சுருக்க எண்ணும், ரிஜிஸ்டரில் இருந்த 31, 88 என்ற பட்டியலின் சுருக்க எண்ணும் ஒன்றே. மேற்கே 112இல் ஆள் ஏறியிருப்பார். கிழக்கே பெட்டி, "31இலும் 88இலும்தான் ஆள், 112ஐச் சார்ஜ் செய்யலாம்" என்று சொல்லும், அதுவும் பத்தே வினாடியில்.

கதிர் அந்த வரியை இரண்டு தடவை சரிபார்த்தான். "பிரின்ட் எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்டதும் எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது. அழித்துவிடலாமா என்று அவன் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது.

இரண்டு பேரும் சார் அறைக்குப் போனோம். அவனைப் பேச விடாமல் நானே ஆரம்பித்தேன். "சார், தப்பு என்னுது. இவன் மேல ஒண்ணுமில்ல" என்று சீட்டை அவர் முன்னால் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தார். அவசரமே இல்லாமல், வரிசை வரிசையாக.

"யாரு எழுதினது?"

"நான் சார்."

"ஒரு சீட்டுல எஷ்டு?"

"முன்னூறு சார்."

"போகக்கூடியது?"

"பதினாறு."

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "நான் அன்னைக்கு எத்தனை சுற்றுன்னுதான் கேட்டேன்" என்றார். "சீட்டுக்குள்ள எஷ்டுன்னு கேக்கல." அவர் தன்னைச் சொல்லிக்கொண்டாரா, என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு கதிர் பிரின்ட்டைக் கொடுத்தான். சார் அவனிடம், "வேற யாராவது, நம்மளவிட புத்திசாலி, வேற மாதிரி எழுதினா பத்து செகண்ட்ல வருமா?" என்று கேட்டார்.

கதிர் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "யார் வந்தாலும் வராது சார். முன்னூறுல ஒரு அடையாளம் குறைச்சு அனுப்பினாலும் எங்கயாவது ரெண்டு பட்டியல் ஒண்ணாயிடும். கழுத்து வழியா அத்தனையும் போயே ஆகணும்."

"நமக்குத் தெரியலன்னு சொல்றீங்களா, முடியாதுன்னு சொல்றீங்களா?"

"முடியாதுன்னு சொல்றேன் சார்."

"எழுதிக் கொடுங்க" என்றார்.

ஐ.டி.ஐ. படித்த நான் முக்கால் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கதிர் பிழை திருத்தினான். கிழக்கும் மேற்கும் மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொண்டாலும் கணக்கு குறையாது என்பதைச் சார் தாமே ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். அதை அவர் விளக்கிச் சொன்னார், எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கதிரின் அறிக்கையில் சார் இரண்டே வரி எழுதினார். முதல் நாள் எழுதிய புரோகிராமே இயன்ற அளவில் மிக வேகமானது, இவரை உறுதி செய்யலாம். அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. பதிவுப் பிழை என்று காரணம் போட்டிருந்தார்கள், போட்டவர் சார்தான். நான் போய்க் கேட்கவில்லை. அவரும் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவில்லை. வருத்தமாக இருந்தது, நியாயமாகவும் இருந்தது. கதிர் மேலும் இரண்டு வருடம் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனான். பர்மனெண்ட் என்று கத்தியதற்கு அவன் மன்னிப்புக் கேட்டதில்லை. உன் மெஷினுக்கு என்ன கேடு என்றதற்கு நானும் கேட்டதில்லை.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு மிச்சம் இருந்தது வாடிக்கையாளர். அவர்களுடைய பெரிய எஞ்சினியர் ஆனேக்கல் நிலையத்திலேயே வந்து பேசச் சொன்னார். சார், கதிர், நான் மூன்று பேரும் ஆனேக்கல் போனோம். பேச்சு ஆரம்பித்ததுமே அவர் ஒப்பந்தத்தை விரித்து வைத்துவிட்டார். "பத்துன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. இப்ப நாப்பத்தாறுன்னா என்ன அர்த்தம்? நாப்பத்தாறு செகண்ட் ஃபேக்டரிங்க நிக்குமா?" சார் என் சீட்டை எடுத்து வைத்தார். பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்தார். 47, 112, 203 கணக்கைப் பொறுமையாகச் சொன்னார். அந்த எஞ்சினியர் கேட்பதாக இல்லை. "அது ஏதோ கோடியில ஒரு தடவை. அதுக்காக ஒவ்வொரு தடவையும் காத்திருக்கணுமா?"

அந்த நேரம் பார்த்து ஒரு லைன்மேன் உள்ளே வந்தார். முனிராஜு என்று பெயர். வேலை முடிந்து, லைன் கிளியர் தாளைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கையுறையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். தாளை மேஜையில் வைத்தார். லைன் 112 இல்லை, கதை மாதிரி அப்படி நடக்கவில்லை. வேறு ஏதோ லைன்.

சார் அவரைப் பார்த்து, "முனிராஜு, கொஞ்சம் நில்லுங்க" என்றார். "கரெண்ட் போய்த் திரும்பி வர்றப்ப, நீங்க மேல இருக்கீங்களான்னு பார்க்க இந்தப் பெட்டிக்கு நாப்பத்தாறு செகண்ட் ஆகுது. வேற ஒண்ணு இருக்கு, பத்து செகண்ட்ல சொல்லிடும். ஆனா எப்பவாவது ஒரு தடவை, ஆள் இருக்கறப்பவே இல்லைன்னு சொல்லிடும். எது வேணும்?"

முனிராஜு சாரைப் பார்த்தார், பெரிய எஞ்சினியரைப் பார்த்தார், ஏதோ வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

"நாப்பத்தாறா சார்?" என்றார். "பரவால்ல சார். மெதுவாவே எண்ணச் சொல்லுங்க. கீழ எறங்கறதுக்கே எனக்கு அதவிட ஜாஸ்தி ஆகும்."

பெரிய எஞ்சினியர் ஒப்பந்தத்தில் பத்தை அடித்து நாற்பத்தாறு என்று எழுதினார். பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் இருந்தது, காரணம் எழுத. பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்கதானே கணக்குப் போட்டீங்க, நீங்களே எழுதுங்கம்மா."

அந்தக் கட்டத்தைத்தான் போன மாதம் அந்தப் பெண் கேட்டாள். இப்போது கம்பியெல்லாம் மாறிவிட்டதாம், முன்னூறு லைன் விவரம் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடுமாம். அப்படியானால் நாற்பத்தாறைத் தாராளமாக எடுத்துவிடு அம்மா, பட்டியல் முழுதாகப் போகிறதா என்று மட்டும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு எடு. அன்றைக்கு நான் பேனாவை வாங்கினேன், இனிஷியல் போட்டேன், காரணம் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கட்டம் பஸ் டிக்கெட்டைவிடச் சின்னது. பொடியெழுத்தில் எழுதியிருந்தால் அடங்கியிருக்கும். அந்தச் சீட்டுக்குப் பிறகு நான் பொடியெழுத்து எழுதவில்லை.